தும்மினால் பாஸ்

போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். என்ன வேலை பார்த்தேன் என்று சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர் இரண்டு முறையாவது "என்னது?" என்பார். கம்ப்யூட்டரில் செய்கிற படங்களுக்குத் தூசி போடுகிற வேலை. தென்காசியில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து பதினெட்டு வருஷம் இதைத்தான் செய்தேன். என் மாமியார் கடைசிவரை இதை நம்பவில்லை. வீட்டு அலமாரியில் ஒரு விரலை வைத்து இழுத்து, அதை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இதுக்கு எதுக்குட்டி ஆபீசு?" என்று கேட்டார்.

இதை எழுதச் சொன்னது பிரவீனா. நான் விட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். "யக்கா, இப்பல்லாம் ஒரு பொத்தான அமுக்குனா தூசி தானா வந்துருது. ஆனா சரியா இருக்கா இல்லையான்னு எப்படிக்கா தெரியும்? நீங்கல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சிய?" என்று போனில் கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லத்தான் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குள் கட்டுகிற வீட்டில் காற்று கிடையாது. சுவர் இருக்கும், ஜன்னல் இருக்கும், வெயில் இருக்கும். நடுவில் ஒன்றுமே இருக்காது. வெயில் ஜன்னலில் நுழைந்து தரையில் ஒரு கட்டமாக விழும். வழியில் அது எங்கே வந்தது என்று தெரியாது. ஒளி ஒரு மரச்சட்டம் போலச் சாய்ந்து இறங்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் வழியில் ஏதாவது மிதக்க வேண்டும். அந்த ஏதாவது எங்கள் பொறுப்பு. இந்த வேலைக்கு வருமுன் நான் குற்றாலத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பங்களுக்கு வேலை செய்தேன். பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால் அருவியை ஒட்டி, மேலே கொஞ்சம் புகை தூவுவேன். "புகை நல்லாப் போடுதீய, தூசியும் போடுவீய" என்று சொல்லி என்னை எடுத்துக்கொண்டார்கள். என் படிப்பு, பயிற்சி எல்லாம் அவ்வளவுதான்.

எடுத்துக்கொண்டவர் செல்வின் சார். எங்கள் தென்காசிக் கிளைக்குத் தலைவர். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் அயர்ன் செய்த வெள்ளைச் சட்டையில் இருப்பார். அவருக்குத் தூசி ஆகாது. தூசி போடுகிற கிளைக்குத் தூசி ஆகாத ஒருவரைத் தலைவராகப் போட்டதில் எங்களுக்குச் சிரிப்பு, அவருக்கோ பெருமை. மூக்கு எப்போதும் அடைத்தே இருக்கும். வாசனை அறவே தெரியாது. ஒரு தடவை ஊசிப்போன சாம்பாரை ஊற்றி முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்குக் கொஞ்சம் புளி தூக்கலோ?" என்று கேட்டவர்.

அவர் ரிவ்யூ பார்க்கிற முறையைச் சொல்ல வேண்டும். சின்ன அறை, ஒரு திரை, நெருக்கிப் போட்ட மூன்று நாற்காலி. ஏ.சி. ஓடும்; கதவைச் சாத்திவிடுவார். வெள்ளைக் கைக்குட்டையை நாலாக மடித்து மேஜை விளிம்புக்கு நேராக வைப்பார். ஷாட் போட்டவர் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு ஷாட்டை ஓட்டச் சொல்வார். ஓடி முடிந்ததும் மறுபடி, அதற்குப் பிறகும் மறுபடி. மூன்றாவது ஓட்டத்துக்குள் அவருக்குத் தும்மல் வந்தால் ஷாட் பாஸ். வராவிட்டால் கைக்குட்டையை மடிப்புக் கலையாமல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். அந்த மடிப்புக் கலையாத கைக்குட்டையைப் பார்த்து அழுதவர்கள் உண்டு.

"மூளை ஏமாந்தா மூக்கும் ஏமாந்துரும் கோமதியம்மா. என் மூக்கு பொய் சொல்லாது" என்பார். நாங்களும் நம்பினோம். நம்பாமல் என்ன செய்வது? என் ஷாட்டுக்கு அவர் தும்மிக்கொண்டே இருந்தாரே.

ஆமாம், எனக்குத்தான் அதிகம் தும்முவார். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மூக்கை உறிஞ்சுவதோடு நின்றுவிடும். எனக்கு மூன்று, நான்கு என்று கணீரென்று வரும். கீழே ஜவுளிக் கடையில் துணி கிழிக்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார். இதனால் எனக்கு ஆபீசில் தனி மரியாதை. தூசி என்றாலே கோமதியக்காதான். எனக்கும் ரிவ்யூ இருக்கிற நாளில் மற்றவர்கள், "யக்கா, நீங்க சும்மா பக்கத்துல வந்து உக்காருங்க, ராசி" என்று கூப்பிடுவார்கள். போய் உட்கார்வேன், சார் தும்முவார், அவர்கள் ஷாட்டும் பாஸ் ஆகும். எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் போனது.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாதாரண நாளில் அவசர அவசரமாகக் கொண்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். ஷாட் முடிந்துவிட்டது, இனி தொட ஒன்றுமில்லை என்று தோன்றுகிற நாளில் மட்டும் ஒரு பந்து பிச்சிப்பூ வைத்துக்கொண்டு போவேன். என் வீட்டுக்காரர் இசக்கிமுத்துவுக்குக் குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. பக்கத்தில் பூக்கடை. "நாளைக்கு எனக்கு ரிவ்யூ" என்று சொன்னால் போதும், வாங்கி வந்துவிடுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில்தான் அந்தக் கழுதை வந்து ஏறியது.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் படம். மழையே இல்லாத ஊரில் ஒரு பழைய தானியக் கிடங்கு. தகரக் கூரையில் ஓட்டைகள். ஓட்டைக்கு ஓட்டை வெயில் இறங்குகிறது. ஒரு கழுதை உள்ளே வந்து, நின்று, திரும்பிப் பார்க்கிறது. பன்னிரண்டு விநாடிதான். இந்த ஒரு ஷாட்டை அடுத்த மாசக் கடைசிக்குள் சரியாகச் செய்துவிட்டால் முழுப் படமும் எங்களுக்கு. இல்லாவிட்டால் தென்காசிக் கிளையை மூடி எல்லோரையும் சென்னைக்கு அனுப்பிவிடுவார்கள். மேலிடத்திலிருந்து சாருக்கு இப்படிச் சொல்லிவிட்டார்கள், சார் எங்களுக்குச் சொல்லிவிட்டார். சின்னஞ்சிறுசுகளுக்குச் சென்னை என்றால் சந்தோஷம். நான் என்ன செய்வேன்? சிப்ஸ் கடையைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? என் வேலை அந்தக் கழுதையின் முதுகில் இருந்தது.

மூன்று வாரம் உயிரைக் கொடுத்துச் செய்தேன். பூ வைத்துக்கொண்டு ரிவ்யூவுக்குப் போனேன். சார் ஐந்து தும்மல் தும்மினார், அதில் ஒன்று நாற்காலியோடு பின்னால் போகிற தும்மல். ஆபீசே கைதட்டியது. ஷாட்டை அனுப்பினோம்.

மறுநாள் வீடியோ காலில் அந்தக் கம்பெனியின் ஹெல்கா அம்மாள் வந்தார். நரைத்த கிராப்பு, சிரிக்காத முகம். "அழகாக இருக்கிறது. ஆனால் காற்று ஈரமாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

சாருக்கு வந்ததே கோபம். வீடியோ கால் முடிந்ததும், "அந்தம்மாவுக்குக் கண்ணு சரியில்ல. தூசி எப்படி ஈரமா இருக்கும்?" என்றார். எனக்கு அதைவிடக் கோபம். எழுந்து நின்று, "இந்தக் கழுதை பாஸ் ஆவுற வரைக்கும் நான் தலையில பூ வைக்க மாட்டேன்!" என்று சபதம் போட்டுவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சொன்னபோது வீராவேசமாகத்தான் இருந்தது.

தூசியைக் கூட்டினேன். ஈரம் என்றார் ஹெல்கா. குறைத்தேன். இன்னும் ஈரம். நிறத்தை மஞ்சளாக்கினேன். மஞ்சள் ஈரம் என்றார். இதற்கிடையில் இன்னொரு இடி. செல்வின் சார் தும்முவதை நிறுத்திவிட்டார்! இவர் தும்மலைத் தாங்க முடியாமல் அவர் மனைவி அதே வாரம் குற்றாலத்தில் ஒரு வைத்தியரிடம் கூட்டிப் போய் லேகியம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். காலையில் ஒரு நெல்லிக்காய் அளவு, ராத்திரி ஒரு நெல்லிக்காய் அளவு. ரிவ்யூவில் கைக்குட்டை மடிப்புக் கலையாமல் கிடந்தது. ஒரு நாளல்ல, இரண்டு நாளல்ல, பதினாறு நாள். சார் முகத்தில் ஒரு பக்கம் சுகம், ஒரு பக்கம் துக்கம்.

"கோமதியம்மா, ஒங்க தூசி நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு வரமாட்டேங்கு" என்றார், பாவம்.

"லேகியத்த ரெண்டு நாளைக்கு நிப்பாட்டுங்களேன் சார்."

"வீட்டுல விடமாட்டேங்கா."

அளவுகோல் உடைந்துபோனது. மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

அது குற்றால சீசன் நேரம். ஜன்னலைத் திறந்தால் சாரல் மேஜைவரை வரும். ஒரு நாள் மதியம் இசக்கிமுத்து எனக்குச் சாப்பாடு கொடுக்க மாடியேறி வந்தார். தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டே என் திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏட்டி, இந்தக் கழுத ஏன் குத்தாலத்துல நனைஞ்சிட்டு நிக்குது?"

"அது குத்தாலம் இல்ல. பாலைவனம் மாதிரி ஒரு ஊரு. அது தூசி."

"தூசியா? இந்தா பாரு, எல்லாம் ஒரே பக்கத்துல இருந்து சாஞ்சு சாஞ்சு வந்து விழுது. கொஞ்சம் நிக்குது, பொறவு ஒரு வீச்சு வருது. இது சாரலுல்லா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். மறுபடி ஜன்னலைப் பார்த்தேன். வெளியே செங்கோட்டைப் பக்கமிருந்து வந்த சாரல் எப்படிச் சாய்ந்ததோ, அதே சாய்வில் என் தூசி கழுதை மேல் விழுந்துகொண்டிருந்தது.

பழைய ஷாட்டுகளையெல்லாம் எடுத்து ஓட்டினேன். சுரங்கத்துக்குள் தூசி: இடமிருந்து வலம், சாய்ந்து. ராஜா அரண்மனையில் தூசி: இடமிருந்து வலம், சாய்ந்து. கப்பலின் அடித்தட்டில், ஜன்னலே இல்லாத அறையில்கூட மேற்கிலிருந்து வருகிற எங்கள் ஊர் மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான் மட்டுமல்ல, ஆபீசில் எட்டுப் பேரும் அப்படித்தான் செய்திருந்தோம். எங்கள் எல்லோருக்கும் காற்றில் மிதக்கிற பொருள் என்றால் பிறந்ததிலிருந்து ஒன்றுதான் தெரியும். உலகம் முழுக்க நாங்கள் சாரல் அடித்துவிட்டிருக்கிறோம்.

செல்வின் சாரிடம் ஓடினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "அப்ப நெசத் தூசிய எங்க போய்ப் பாக்க? ஊரே நனைஞ்சு கெடக்கு" என்றார். இசக்கிமுத்துதான் வழி சொன்னார். திருவேங்கடம் என்கிற ஊரில் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் மக்காச்சோளக் குடோன் வைத்திருக்கிறார். தகரக் கூரை. அங்கே மழை எட்டிக்கூடப் பார்க்காது. போன் போட்டுச் சொல்லிவிட்டு மறுநாள் காலையில் ஆபீஸ் வேனில் கிளம்பினோம். சார் முகத்தில் இரண்டு முகமூடி, அதன் மேல் ஒரு துண்டு. சங்கரன்கோவில் தாண்டியதும் வானம் வெளுத்து, சட்டை காய்ந்து, எனக்கே ஒரு நம்பிக்கை வந்தது.

குடோன் வாசலில் அண்ணாச்சி வேட்டியைத் தழைய விட்டு நின்றார். "வாங்க, வாங்க! சினிமாக்காரங்க வாரீகன்னதும் நேத்தே ஆள விட்டுட்டேன்" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தால், குடோன் பளபளவென்று இருந்தது. மூட்டைகளை ஓரமாக அடுக்கி, தரையைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, நடுவில் ஒரு கோலமும் போட்டிருந்தார்கள். கூரை ஓட்டையிலிருந்து வெயில் விழுந்தது. வழியில் ஒரு துகள்கூட இல்லை. எங்கள் கம்ப்யூட்டரேதான்.

"அண்ணாச்சி, தூசி இருந்திச்சே?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டேன்.

"ஒரு பொட்டு இல்ல பாத்துக்கிடுங்க! எங்க வேணும்னாலும் தொட்டுப் பாருங்க!"

"எங்களுக்குத் தூசிதான் வேணும் அண்ணாச்சி. அதப் பாக்கத்தான் வந்தோம்."

அவர் என்னைப் பார்த்தார், துண்டு கட்டிய சாரைப் பார்த்தார். "இவ்வளவு தூரம் வண்டி கட்டிக்கிட்டா?" என்றார். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டு, அடுத்த கட்டிடத்தைத் திறந்துவிட்டார். அது பழைய குடோன். ஒரு வருஷமாக யாரும் நுழையவில்லை. "இங்கன ஆளக் கூட்டிட்டு வந்தா அசிங்கம்னு பூட்டிப் போட்டேன்" என்றார்.

அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் வேலையை நான் கற்றுக்கொண்டது அந்த இரண்டு மணி நேரத்தில்தான் என்று சொல்வேன். மூடின இடத்தில் தூசி விழுவதில்லை, சும்மா இருக்கிறது. யாராவது நடந்தால் காலடியிலிருந்து எழுந்து, முழங்கால் உயரம் வந்து, என்ன செய்வது என்று யோசித்து நிற்கிறது. எல்லாம் ஒரே மாதிரி இல்லை. மாவு போல நுண்ணியது கண்ணுக்குத் தனியாகத் தெரிவதில்லை, வெயிலைப் பால் போல ஆக்குகிறது. அதைவிடப் பெரியது புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. சோளத்தின் தோல் துணுக்கு சுழன்று சுழன்று, வெயில் படும்போது மின்னி, அடுத்த நொடி காணாமல் போகிறது. வெயிலுக்கு எதிராக நின்று பார்த்தால் அத்தனையும் ஜொலிக்கிறது. வெயிலுக்கு முதுகைக் காட்டிப் பார்த்தால் பாதிகூடத் தெரிவதில்லை. நான் வருஷக்கணக்காக விளக்கைக் கேமராவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, தூசி தெரியவில்லையே என்று அள்ளி அள்ளிக் கொட்டியிருக்கிறேன்.

அண்ணாச்சிக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "இன்னும் ஒரு மூட்டையத் தட்டட்டுமா? அந்த மூலையில நல்ல தூசி இருக்கு, தரமான தூசி" என்று ஓடி ஓடித் தட்டினார். கழுதை கிடைக்காததால் டிரைவரைக் குறுக்கே நடக்கவிட்டோம். அவரும் நாலைந்து தடவை நின்று திரும்பிப் பார்த்தார்.

செல்வின் சார் அத்தனை தூசிக்கு நடுவில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் துண்டை எடுத்தார். பிறகு ஒரு முகமூடி, பிறகு இன்னொன்று. ஒரு தும்மல் இல்லை. "லேகியம்னா லேகியம்!" என்று தன் மூக்கைத் தானே தட்டிக்கொடுத்தார். சட்டை முழுக்கச் சோளத் தூசி.

ஊருக்கு வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். காற்றை நிறுத்தினேன். விளக்கைக் கேமராவுக்கு எதிரே கொண்டுபோனேன். மாவு, புள்ளி, தோல் என்று மூன்று தூசி. கழுதையின் நாலு காலுக்கு மட்டும் எழுப்புகிற உரிமை கொடுத்தேன். கம்ப்யூட்டர் அதையெல்லாம் கணக்கிட்டுப் படமாக வெளியே தர இரண்டு நாள் ஆனது.

ரிவ்யூவில் சார் வழக்கம்போல் கைக்குட்டையை வைத்தார். மூன்று தடவை ஓட்டினோம். தும்மல் வரவில்லை. அவர் கையைப் பிசைந்தார். "எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல கோமதியம்மா. அனுப்பிருவோம்" என்றார். அன்று மாசக் கடைசி. எனக்குச் சோறு இறங்கவில்லை. ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஹெல்கா அம்மாள் வந்தார். எங்கள் கண் முன்னாலேயே ஷாட்டை ஓட்டினார். மறுபடி ஓட்டினார். பக்கத்திலிருந்த கண்ணாடி டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். முழு டம்ளரையும் குடித்து முடித்துவிட்டு, "மன்னிக்கவும், தொண்டை வறண்டுவிட்டது" என்றார். அதன் பிறகுதான் சிரித்தார். கழுதை பாஸ்! நாங்கள் போட்ட சத்தத்தில் ஜவுளிக் கடையிலிருந்து ஆள் வந்து என்னவென்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் சபதம் தீர்ந்தது என்று இரண்டு பந்து பிச்சி வைத்துக்கொண்டு போனேன். சார் என்னைப் பாராட்ட வாயைத் திறந்தவர் ஏழு தடவை தும்மினார். "லேகியம் பவர் போயிட்டு" என்று எல்லோரும் வருத்தப்பட்டோம். அவர் அன்றைக்கே வைத்தியரிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார்.

பிரவீனா, இதுவரைக்கும் நீ கேள்விப்பட்டிருப்பாய். இனி வருவது போன மாதம் எனக்கு நடந்த வழியனுப்பு விழாவில் உன் கண் முன்னாலேயே நடந்தது, நீ கவனிக்கவில்லை.

ஆபீஸ் இப்போது குடிபோயிருக்கிற புதுக் கட்டிடத்தின் ஹால். கண்ணாடி போலத் துடைத்த தரை. திரை எதுவும் ஓடவில்லை. நீங்களெல்லாம் சேர்ந்து எனக்கு முழம் முழமாகப் பிச்சி கட்டின மாலையைப் போட்டீர்கள். செல்வின் சார் என் பக்கத்தில் நின்று மைக்கைப் பிடித்து, "நம்ம கோமதியம்மாவோட தூசி இருக்கே..." என்று ஆரம்பித்தார். அத்தோடு சரி. பதினோரு தும்மல், மைக்கில். பாசத்தில் அழுகிறார் என்று நினைத்து நீங்கள் கைதட்டினீர்கள்.

கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து அவர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். பிறகு மாலையைப் பார்த்தார். மைக்கை மூடிக்கொண்டு, "இது என்ன பூ?" என்றார்.

"பிச்சி சார்."

"ரிவ்யூவுக்கு வரும்போதும் இதான் வைப்பீங்களா?"

"ஷாட்டு முடிஞ்சிட்டுன்னு தோணுனா மட்டும் சார்."

அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. எனக்கும் அதே நேரத்தில் அதே கணக்கு ஓடியது. பதினெட்டு வருஷம் அந்த மூக்கு என் தூசியைப் பார்க்கவே இல்லை. என் கொண்டையைத்தான் பார்த்திருக்கிறது.

அங்கே சிரித்துவிட்டேன். சார் இன்னும் அதிகமாகச் சிரித்தார். ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. தூசிக்குக் கோமதியக்கா என்று பேர் வாங்கியதெல்லாம் பூக்கடைக்காரருக்குச் சேர வேண்டியதா? குற்றாலம் வரும்வரை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் இசக்கிமுத்துவிடம் ஒன்றும் சொல்லவில்லை. டிவியில் அந்தக் கழுதைப் படத்தைப் போட்டேன். படம் வந்த சமயம் அவர் சீசன் கடையில் நின்றதால் பார்க்கவே இல்லை. சார் நேற்று போனில், "எல்லாத்தையும் எழுதுங்க, லேகியத்த மட்டும் விட்டுருங்க" என்று கேட்டுக்கொண்டார். பெரிய மனுஷன் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும், மறந்து எழுதிவிட்டேன். உன் கேள்விக்கு, பிரவீனா, எனக்குத் தெரிந்த பதில் அன்றைக்கு டிவி முன்னால் நடந்ததுதான்.

கழுதை உள்ளே வந்தது. நின்றது. திரும்பிப் பார்த்தது. என் தலையில் பூ இல்லாமல் நான் செய்த பன்னிரண்டு விநாடி.

இசக்கிமுத்து எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து டிவியைத் துடைத்தார். தள்ளி நின்று பார்த்தார். திருப்தியில்லை. துண்டின் நுனியில் எச்சிலைத் தொட்டு மறுபடியும் அழுத்தித் துடைத்தார்.

"வீட்டத் தூத்துப் பெருக்கி எத்தன நாளாச்சுட்டி?" என்றார்.